ஏழு என்று வைத்துக்கொண்டால்

1990ஆம் ஆண்டு மே மாதத்தின் முதற் கிழமையில் மெற்றில்டாவுக்கு அந்தக் கடிதம் வந்தது. காலை ஷிப்ட் முடித்து, ஆஸ்பத்திரிக் குசினியின் வெங்காய மணம் கையை விட்டுப் போகாமல் இருக்க, கோலியர்ஸ் வுட்டில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த தங்கள் இரண்டறை வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் நின்றபடியே உறையைக் கிழித்தாள். மூன்று பந்தி. முதலாவதும் மூன்றாவதும் வெறும் மரியாதை. நடுவில் இருந்ததுதான் விஷயம்.

"சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வு மாணவியின் சொந்த வேலை என்று ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஆகவே அதற்குப் புள்ளி வழங்கப்படமாட்டாது."

சொந்த வேலை இல்லை. அதாவது களவு.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. காதுமடல் இரண்டும் சூடேறின. கீழே சலவை இயந்திரங்கள் சுற்றுகிற அதிர்வு படிக்கட்டு வழியாக முதுகில் ஏறியது. கடிதத்தை இன்னொருமுறை வாசித்தாள். ஆங்கிலத்தில் தனக்கு ஏதும் பிழையாக விளங்கிவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, சரியாகத்தான் விளங்கியிருந்தது.

மெற்றில்டாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இலங்கையின் மன்னாரில் பிறந்தவள். லண்டனுக்கு வந்து நாலு வருடம். வந்த வருடமே ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை கிடைத்தது. முந்நூற்று நாற்பது நோயாளிகளுக்குக் கஸ்ரட் கிண்டுவது, உருளைக்கிழங்கு மசிப்பது, சீனி வருத்தக்காரருக்கு வேறாகச் சமைப்பது என்று நாள் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் குசினி நடையோடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களில் சிலரை மருந்தகத்தில் உதவியாளராகப் பயிற்றப் போகிறார்களாம். கணிதத்தில் ஜி.சி.எஸ்.ஈ. தேர்வு சித்தி பெற்றிருக்க வேண்டும். மெற்றில்டாவிடம் அது ஒன்றுதான் இல்லை. செப்டெம்பரில் மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் ஒரு மாலைநேரக் கல்வி நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வகுப்பில் இருபது பேர். கற்பித்தவர் கிரேம் என்கிற முப்பது வயது வெள்ளைக்காரர். சைக்கிளில் வருவார், கால்சட்டைக் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் செருகியபடியே பாடம் நடத்துவார். மூன்றாவது வகுப்பில் அவர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். ஒரு எண்ணோடு அதன் நாலில் ஒன்றைக் கூட்டினால் பதினைந்து வருகிறது. அந்த எண் என்ன?

மற்றவர்கள் கொப்பியைத் திறப்பதற்குள் மெற்றில்டா "பன்னிரண்டு" என்றாள்.

"எப்படி?"

"நாலு என்று வைத்தேன். நாலும், அதன் நாலில் ஒன்றும் ஐந்து. எனக்கு ஐந்து வேண்டாம், பதினைந்து வேண்டும். அது மூன்று மடங்கு. அப்படியென்றால் நாலையும் மூன்று மடங்காக்க வேண்டும்."

கிரேம் சோக்கைக் கீழே வைத்துவிட்டார். "மெற்றில்டா, இது நான் எழுதிய கணக்கு இல்லை. எகிப்தில் ஒரு எழுத்தர் மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முதல் பப்பைரஸ் தாளில் எழுதி வைத்தது. அவரும் நாலு என்று வைத்துத்தான் தொடங்கினார். நீங்கள் சொன்னதேதான், சொல்லுக்குச் சொல்."

வகுப்பு சிரித்தது. மெற்றில்டா சிரிக்கவில்லை. பதினைந்து வயதில் மன்னாரில், கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில், அட்சரகணிதப் பாடத்தில் இதே மாதிரி ஒரு கணக்குக்கு இதே மாதிரித்தான் விடை எழுதினாள். கணிதம் படிப்பித்த சிஸ்டர் தாளைத் தூக்கிப் பிடித்து, "விடை இருக்கு, வழி எங்கை? எக்ஸ் எங்கை? ஆரின்ர தாளைப் பார்த்து எழுதினனீ?" என்று கேட்டார். பாடம் முடியுமட்டும் முழங்காலில் நிற்க வைத்தார். மெற்றில்டா வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டாலே கை விறைத்துப்போகும். கணிதத்தில் தவறினாள். தன் தலைக்குள் ஏதோ குறை என்றுதான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேர்வில் ஒரு பங்கு புள்ளி, மாணவர்கள் தாங்களே செய்கிற ஆய்வுக்கு இருந்தது. மற்றவர்கள் சுவருக்கு ஓடு பதிப்பது பற்றியும் பஸ் நேர அட்டவணை பற்றியும் எழுதினார்கள். மெற்றில்டா பழைய எகிப்தியர் தெரியாத எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதப் போவதாகச் சொன்னாள். கிரேம் உற்சாகமாகத் தலையாட்டினார்.

மிச்சம் நூலகத்தில் அந்தப் பப்பைரஸ் பற்றிய புத்தகம் இருக்கவில்லை. வேறெங்கிருந்தோ எடுப்பித்துக் கொடுத்தார்கள். மூன்று கிழமைக்குள் திருப்பிவிட வேண்டும். அவள் அதைக் குசினிக்குக் கொண்டுபோய், தேநீர் இடைவேளையில் மாமூட்டையின் மேல் இருந்து வாசித்தாள். ஆங்கிலம் கடுமையாக இருந்தது. கணக்கு கடுமையாக இருக்கவில்லை.

அந்த மனிதர்களுக்கு எக்ஸ் இல்லை, சமன்பாடு இல்லை. தெரியாத தொகையை அவர்கள் "குவியல்" என்று சொன்னார்கள். ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து பத்தொன்பது என்று ஒரு கணக்கு. குவியல் ஏழு என்று வைத்துக்கொண்டால், ஏழில் ஒன்று கூட்ட எட்டு வரும். பிழைதான். பிழை என்று தெரிந்துதான் வைக்கிறார்கள். பிறகு எட்டை எத்தனை மடங்காக்கினால் பத்தொன்பது வரும் என்று பார்க்கிறார்கள். அதற்கும் நீட்டிப் பிரிப்பதில்லை. எட்டை இரட்டித்தால் பதினாறு. எட்டின் கால்வாசி இரண்டு. எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால், ஒன்று. பதினாறும் இரண்டும் ஒன்றும் பத்தொன்பது. ஆகவே இரண்டேகாலும் அரைக்காலும் மடங்கு. ஏழையும் அத்தனை மடங்காக்கினால் பதினாறரையும் அரைக்காலும். அதுதான் குவியல். கடைசியில் ஏழில் ஒன்றைக் கூட்டிச் சரிபார்த்தும் வைத்திருக்கிறார்கள்.

அவள் குசினியில் நாலு வருடமாகச் செய்ததும் இதுதான். நாற்பது பேருக்கு இத்தனை பால் என்று பிழையாக ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, பிறகு ஆளுக்கேற்ப அதை இழுப்பது.

ஒரு சனிக்கிழமை கோலியர்ஸ் வுட்டில் ரயிலேறி, டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி, பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனாள். பப்பைரஸ் அன்று பார்வைக்கு இல்லை. வெளிச்சம் பட்டால் பழுதாகும் என்று உள்ளே வைத்திருப்பதாகக் காவலாளி சொன்னார். "நான் அதைப் பார்க்கவே வந்தேன்" என்று அவள் சொன்னதற்கு அவர் தோளைக் குலுக்கினார். திரும்பிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. எகிப்தியக் கற்கள் நின்ற மண்டபத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ராசாக்களை விட்டுவிட்டு எண்களைத் தேடினாள். ஒரு கோடு ஒன்று. லாடம் போல் வளைந்தது பத்து. சுருட்டிய கயிறு நூறு. ஒரு செத்த மனிதனின் கல்லில், ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாமரை. தாமரை என்றால் ஆயிரம். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் சாடி பியர். முந்நூற்று நாற்பது பேருக்குச் சமைக்கிறவளுக்கு அது பிடித்திருந்தது. கொப்பியை எடுத்து அந்தத் தாமரையைக் கீறிக்கொண்டாள்.

இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். வகுப்பில் பக்கத்தில் இருந்த சிவனேஸ்வரி ஆங்கிலத்தைத் திருத்தித் தட்டச்சுச் செய்து கொடுத்தாள். சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள், இப்போது மிச்சத்தில் மூலைக்கடை வைத்திருப்பவள். களவாகச் செய்யக்கூடாது என்பதற்காக மெற்றில்டா முதற் பக்கத்திலேயே எழுதினாள்: கணக்குகள் என்னுடையவை, ஆங்கிலம் திருத்தியவர் என் தோழி.

அந்த ஆய்வுக்குத்தான் இந்தக் கடிதம்.

அவள் கணவன் பீற்றருக்கு மோர்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் பின்னேர வேலை. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அவள் கடிதத்தைத் தமிழில் சொன்னாள்.

"சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுறாங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. புள்ளி இல்லையாம்."

அவன் வெளிக்கிட முதலே கிரேம் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் சுருங்கியிருந்தது. இது தன் முடிவு இல்லை என்றார். நிலையத்தின் தேர்வுப் பொறுப்பாளர் மிஸ்டர் வெதரலின் முடிவு. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பத்து நாளைக்குள் வேறொரு சின்ன ஆய்வு, வழமையான முறையில், எக்ஸ் போட்டு எழுதிக் கொடுத்தால் சித்தி பெறுகிற அளவுக்குப் புள்ளி போட மிஸ்டர் வெதரல் சம்மதித்திருக்கிறார்.

"அந்த வசனம்?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"எந்த வசனம்?"

"என் வேலை இல்லை என்று எழுதிய வசனம். அது எங்கே போகும்?"

"அது கோப்பில் இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள்."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். பீற்றர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு மூச்சு வந்தது.

"அப்ப நல்லதுதானே. பத்து நாள் கிடக்கு. எழுதிக் குடுத்திட்டு அலுவலை முடி."

"எழுதிக் குடுத்தா என்ன அர்த்தம் தெரியுமே? முதல் குடுத்தது களவெண்டு நானே ஒத்துக்கொள்ளுற மாதிரி."

"ஒத்துக்கொண்டா என்னப்பா? ஆருக்குத் தெரியப்போகுது? இஞ்ச பார், எங்கட அகதிக் கேஸ் இன்னும் ஹோம் ஒபிசில கிடக்கு. நீ போய்ச் சண்டை பிடிச்சு, அவங்கள் கள்ளவேலை செய்தவள் எண்டு ஒரு கடதாசியை அங்கை அனுப்பினா நாங்கள் எங்கை போறது? திரும்பி மன்னாருக்கோ?"

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அவளுக்கும் தெரியும். ஒரு கடதாசிக்காக வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்களுக்குக் கடதாசியில் எழுதப்படுகிற ஒவ்வொரு சொல்லும் பெரிது. ஆனால் அதே நியாயம்தான் அவளை மற்றப் பக்கம் தள்ளியது.

"அதுக்காகத்தான் சொல்லுறன். அந்தக் கடதாசி இப்பவே இருக்கு. கோப்புக்குள்ள கிடக்கு. நான் பேசாமல் விட்டா அது உண்மையாப் போகும். ஒருக்கா முழங்காலில நிண்டனான். இனி ஏலாது."

பீற்றர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்று, "எப்ப போறாய்?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அவள் வெதரலுக்கு நாலு வரிக் கடிதம் ஒன்றைத் தன் கைப்பட, தன் ஆங்கிலத்தில் எழுதினாள். சிவனேஸ்வரியிடம் காட்டவில்லை. வேறு ஆய்வு எழுதமாட்டேன். என்னைக் கூப்பிடுங்கள். கரும்பலகை இருக்கிற அறை வேண்டும். எந்தக் கணக்கும் கேளுங்கள்.

கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை, பின்னேரம் நாலரை மணி.

சிவனேஸ்வரி கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். "நானும் உள்ளுக்கு வாறன் அக்கா. ஏதும் விளங்காட்டிச் சொல்லித் தாறன்."

"வேண்டாம். நீ உள்ளுக்கு வந்தா, நீதான் எல்லாம் சொல்லித் தந்தனீ எண்டுவினம். வெளியில இரு."

மிஸ்டர் வெதரலுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கம்பளி அங்கியின் முழங்கையில் தோல் துண்டு தைத்திருந்தார். முரட்டு மனிதராகத் தெரியவில்லை. எழுந்து கைகொடுத்தார், நாற்காலியைக் காட்டினார். கிரேம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மேசையில் அவளது ஆய்வு கிடந்தது.

"திருமதி பீற்றர், நான் உங்களைக் குற்றவாளியாக்கவில்லை" என்று வெதரல் தொடங்கினார். "உங்கள் விண்ணப்பப் படிவத்தின் ஆங்கிலத்தையும் இந்த ஆங்கிலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆள் எழுதியதாக இருக்க முடியாது."

"முதற் பக்கத்தைத் திருப்புங்கள்" என்றாள் மெற்றில்டா. "வாசியுங்கள்."

அவர் திருப்பினார். வாசித்தார். நெற்றி சற்றுச் சுருங்கியது. அந்தப் பக்கத்தை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று அவளுக்கு விளங்கியது.

"சரி. ஆனால் ஆங்கிலத்தைத் திருத்தியவர் கணக்கையும் திருத்தியிருக்கலாம். அல்லது உங்கள் கணவர்."

"என் கணவருக்கு ஏழு தரம் எட்டு என்று கேட்டால் இருமல் வரும்."

ஜன்னலோரத்தில் கிரேம் வாயைக் கையால் மூடினார். வெதரல் சிரிக்கவில்லை. எழுந்து கரும்பலகையில் எழுதினார். ஒரு எண்ணும் அதன் ஐந்தில் ஒன்றும் சேர்ந்தால் இருபத்தொன்று.

மெற்றில்டா சோக்கை எடுத்தாள். ஐந்து என்று வைத்தாள். ஆறு வந்தது. ஆறுக்குக் கீழே இரட்டித்துப் பன்னிரண்டு எழுதினாள். ஆறும் பன்னிரண்டும் பதினெட்டு. மிச்சம் மூன்று, அது ஆறின் பாதி. மூன்றரை மடங்கு, ஆகவே ஐந்தையும் மூன்றரை மடங்காக்க வேண்டும். மூன்றரையை ஒருமுறை, இரட்டித்து ஏழு, இன்னும் இரட்டித்துப் பதினாலு. ஒன்றும் நாலும் சேர்ந்தால் ஐந்து. ஆகவே மூன்றரையும் பதினாலும். பதினேழரை. கீழே அதன் ஐந்தில் ஒன்று மூன்றரை என்று எழுதிக் கூட்டி, இருபத்தொன்றுக்கு அடியில் கோடு போட்டாள்.

"இந்த முறையை மனப்பாடம் செய்யலாம்" என்றார் வெதரல். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். ஒரு எண், அதன் பாதி, அதோடு ஒரு நாலு. மொத்தம் இருபத்தைந்து.

மெற்றில்டா பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் போயிருக்கும். வெதரல் நாற்காலியில் சாய்ந்தார். கிரேம் முன்னுக்குச் சரிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். இந்தக் கணக்கில் என்ன குழி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"இதை இப்படியே செய்ய ஏலாது" என்று அவள் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். "இப்படியே செய்தால் பிழை வரும். செய்து காட்டுகிறேன்."

இரண்டு என்று வைத்தாள். அதன் பாதி ஒன்று, நாலு, மொத்தம் ஏழு. "எனக்கு இருபத்தைந்து வேண்டும். ஏழை எத்தனை மடங்காக்கினாலும் சரிவராது. ஏன் தெரியுமா? குவியல் பெருத்தால் பாதியும் பெருக்கும். இந்த நாலு பெருக்காது. அது குவியலுக்குச் சொந்தம் இல்லை." அவள் சொல் தேடினாள். "குசினியில் நான் பாலைச் சட்டியோடு தராசில் வைப்பேன். ஆட்கள் இரண்டு மடங்கு வந்தால் பால் இரண்டு மடங்கு. சட்டியும் இரண்டு மடங்கு நிறுக்குமா? நாலு, சட்டி. முதலில் சட்டியைக் கழி."

நாலைக் கழித்தாள். இருபத்தொன்று. இரண்டு என்று வைத்தால் மூன்று. மூன்றை ஏழு மடங்காக்கினால் இருபத்தொன்று. இரண்டை ஏழு மடங்காக்கினால் பதினாலு. பதினாலு, ஏழு, நாலு, இருபத்தைந்து.

வெளியே நடையோடையில் பெண்கள் பேசுகிற ஒலி கேட்டது.

"இது என் ஆய்வில் இல்லை" என்றாள் மெற்றில்டா. "நான் வாசித்த புத்தகத்திலும் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. இதை யார் எனக்கு எழுதித் தந்தது? இப்போது நான் ஒன்று கேட்கிறேன்." சோக்கை அவரிடம் நீட்டினாள். "ஒரு குவியல், அதன் மூன்றில் ஒன்று, அதன் நாலில் ஒன்று. மொத்தம் முப்பத்தெட்டு. எக்ஸ் போடாமல் செய்யுங்கள்."

"அது இன்றைய நோக்கம் இல்லை, திருமதி பீற்றர்."

"என்னை நீங்கள் இரண்டு கேட்டீர்கள். நான் ஒன்றுதான் கேட்கிறேன்."

வெதரல் கிரேமைப் பார்த்தார். கிரேம் தன் சப்பாத்தைப் பார்த்தார். கடைசியில் வெதரல் சோக்கை வாங்கினார். அவருக்கு எக்ஸ் இல்லாமல் கை ஓடவில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. மூன்று என்று வைத்தார். மூன்றும் ஒன்றும் நாலு. மூன்றின் நாலில் ஒன்று முக்கால். நாலேமுக்கால். நின்றுவிட்டார்.

"பிழையில்லை. ஆனால் கரைச்சல். மூன்றாலும் நாலாலும் பிரிகிற எண்ணை எடுங்கள்" என்றாள்.

அவர் மூன்றை அழித்துப் பன்னிரண்டு என்று வைத்தார். பன்னிரண்டு, நாலு, மூன்று. பத்தொன்பது. பத்தொன்பதும் முப்பத்தெட்டும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. "ஓ" என்றார். தன்னை அறியாமல் வந்த சத்தம். இருபத்துநாலு என்று எழுதிவிட்டுக் கையிலிருந்த தூளைத் தட்டினார்.

பிறகு அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார். ஆய்வுக்குக் கிரேம் முதலில் போட்ட புள்ளியை அப்படியே அனுப்புவதாகச் சொன்னார். கடிதத்தை மறந்துவிடலாம் என்றார்.

"நான் மறக்கலாம். கோப்பு மறக்காது" என்றாள் மெற்றில்டா. "அந்த வசனத்தை வெட்டுங்கள். கையெழுத்துப் போட்டுத் திகதி போடுங்கள். எனக்கு ஒரு பிரதி வேண்டும்."

"கோப்பில் உள்ள கடிதத்தை வெட்டுகிற வழக்கம் இல்லை. புதிதாக ஒரு குறிப்புச் சேர்க்கலாம்."

"குறிப்பு கீழே கிடக்கும். வசனம் மேலே கிடக்கும். வேண்டாம். வெட்டுங்கள்."

"நேரமாகிறது, திருமதி பீற்றர். ஐந்தரைக்கு இந்த அறையில் வேறு வகுப்பு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இருக்கிறேன்" என்றாள்.

ஐந்தரைக்குத் தையல் வகுப்புப் பெண்கள் வந்தார்கள். சிலர் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஓடையில் சிவனேஸ்வரி அவர்களுக்கு விஷயத்தை விளங்கப்படுத்தத் தொடங்கியிருந்தாள். அவளுடைய ஆங்கிலம் கச்சேரி ஆங்கிலம், தெளிவானது, சத்தமானது. கதவுக் கண்ணாடியில் இரண்டு முகம் தெரிந்தது, பிறகு ஐந்து. ஒரு வயதான ஜமேக்காப் பெண் கதவைத் தட்டித் தலையை நீட்டினாள். "அவசரமில்லை, கண்ணே. நீ முடித்துக்கொண்டு வா. நாங்கள் நிற்கிறோம்" என்று மெற்றில்டாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெதரலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் கிரேம் வாயைத் திறந்தார். "நான் அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே சாட்சி" என்றார். "மூன்றாவது வகுப்பில், எகிப்தியர் பற்றி நான் ஒரு சொல் சொல்வதற்கு முதலே, அவள் இந்த முறையில் விடை சொன்னாள். இதை நான் உங்களுக்கு ஏப்ரலில், நீங்கள் சந்தேகப்பட்டபோதே, சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை."

வெதரல் கோப்பைத் திறந்து, கடிதத்தின் நடுப் பந்திக்குக் குறுக்காக அடிமட்டம் வைத்து இரண்டு கோடு கீறினார். ஓரத்தில் "விசாரித்ததில் தவறெனக் கண்டது" என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் இட்டார். கிரேம் அதை எடுத்துக்கொண்டு போட்டோக்கொப்பி எடுக்க ஓடினார். வெதரல் கதவடியில் அவளுக்கு வழிவிட்டு நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை.

ஓடையில் தையல்காரப் பெண்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிவனேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். "என்னக்கா நடந்தது?"

"வெட்டிப்போட்டார்."

"உங்களிட்ட மன்னிப்புக் கேட்டவரோ?"

"மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்ய? எனக்குக் கோடு போதும்."

இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கையில் மெற்றில்டா மதில் ஒன்றில் சாய்ந்து நின்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகு நேரம் பிடித்தது. வீட்டுக்கு வந்து பிரதியைக் காட்டியபோது பீற்றர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, கோடு இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தான். "ஹோம் ஒபிசுக்கும் நீயே போ" என்றான்.

ஓகஸ்டில் முடிவு வந்தது. பி தரம். தேர்வுத் தாளில் வந்த கணக்குகளை அவள் எக்ஸ் போட்டே செய்திருந்தாள். ஒவ்வொன்றையும் முதலில் தாளின் ஓரத்தில் தன் முறையில் செய்து பார்த்துவிட்டு, பிறகு எக்ஸ் போட்டாள். கை விறைக்கவில்லை. ஜனவரியில் மருந்தகப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒரு குழந்தையின் நிறைக்கு மருந்தைக் கலக்குகிற கணக்கை முதல் நாளிலேயே அவளிடம் கொடுத்தார்கள். அதைச் செய்துவிட்டு, போத்தலின் நிறையைக் கழித்தாயிற்றா என்று அவள் கேட்க, அங்கே நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வசந்த காலத்தில் கல்வி நிலையத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இம்முறை வெதரல் அல்ல, கிரேம். அவளது ஆய்வை அடுத்த வருட மாணவர்களுக்கு மாதிரியாக வகுப்பறையில் வைக்க விரும்புகிறார்களாம். வழமைபோல் பெயரை நீக்கிவிட்டு, "மாணவி எம்" என்று போடுவார்களாம். சம்மதமா?

மெற்றில்டா வேலைக்குப் போகும் அவசரத்திலும் உடனே பதில் எழுதினாள். என் பெயர் மெற்றில்டா செபமாலைமுத்து பீற்றர். செபமாலைமுத்து என் அப்பா. மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வைத் திருப்பி அனுப்புங்கள்.

செப்டெம்பரில் சிவனேஸ்வரி அடுத்த வகுப்பில் சேரப் போனபோது அந்த ஆய்வு புத்தகத் தட்டில் நின்றதாம். ஒரு சீட்டில் பெயர் அடங்கவில்லை என்று இரண்டு சீட்டு ஒட்டியிருந்தார்களாம்.